புள்ளலூரும் கூரத்துக் கூத்தப்பெருமானும்



காஞ்சிமாநகரைச் சூழ்ந்த சிற்றூர்களுள் புள்ளலூரும் ஒன்று. இப்பெயரைக் கேட்ட அளவில் சரித்திரம் பயின்றோர்க்கு 1780ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10ஆம் நாள் நினைவுக்கு வரும். ஆங்கிலக் கும்பினியின் படைத்தலைவனாகிய பெய்லி என்பானை ஹைதர் அலியும் அவர் மைந்தர் திப்புவும் வளைத்துச் சிறைப்படுத்தியது இவ்வூர்ப்புறத்தே. அக்காட்சி சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாய் உளது. யாம் ஈண்டுக் கூறப்புகுவது அப்போரன்று. அதற்கு ஏறக்குறைய 1160 ஆண்டுகட்கு முன் இவ்வூரிலேயே நிகழ்ந்த மற்றொரு போரையும், அதனை நமக்கு அறிவித்த செம்பையும், அச்செம்பின் இனத்தவாகிய நம் திருமேனிகளைக் குறித்து இஞ்ஞான்றை ஆய்வுக்கூடங்கள் கூறும் செய்தியையுமே கூறப்புகுகின்றோம்.

கி. பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாதாபிச் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசி பெரும்படையொடு தெற்கு நோக்கி வந்தான். அக்காலத்துக் காஞ்சியில் அரசு வீற்றிருந்தவன் முதலாம் மகேந்திரவர்மன். இப்போரைக் குறித்து நமக்கு வாய்த்த சான்றுகள் இரண்டு. ஒன்று, அய்கொளெ என்னும் ஊரிலுள்ள சமணக்கோயிற் கல்வெட்டு. 634-35இல் இரவிகீர்த்தி என்னும் சமணப்புலவன் பாடியது. பல்லவனது பேரொளி காஞ்சி மதிலுக்குள் மறையுமாறு புலிகேசி செய்தான் என்று அது கூறுகின்றது. மற்றொன்று, காரைக்காற்பக்கத்துக் காசாக்குடியிற் கிடைத்த செப்பேடு. இரண்டாம் நந்திவர்மனது 22ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பெற்றது. அது தன் குலமுதல்வரைப் புகழுமிடத்து, மகேந்திரவர்மன் தன் தலைமைப் பகைவரைப் புள்ளலூரில் அழித்தான் என்கின்றது. பகைவர் இன்னாரென்று அச்செப்பேடு கூறவில்லை. புலிகேசியே என்பது சரித்திர நூலாருடைய ஊகம். கல்லோ சாளுக்கியனுக்கு வெற்றி சொல்லும். செம்போ பல்லவனுக்கு வெற்றி சொல்லும். இரண்டும் அவரவர் அவைப்புலவரின் வாய்மொழி. வழக்கில் இருதரத்தாரும் தத்தம் சாட்சிகளைக் கொணர்ந்து நிறுத்தியது போலும் இது.

இதிற் கருதத்தக்கது ஒன்றுண்டு. பேசியது செம்பன்று, செம்பின்மேற் பொறித்த எழுத்தே. செம்பு வாளா ஏடாகக் கிடந்தது. எழுத்தைச் செதுக்குவோன் வேண்டியவாறு எழுதலாம். எழுதப்பெற்ற உலோகமே தன் பிறப்பையும் காலத்தையும் கூறவல்லதாயின், அதனைப் பொய்கூறுவிக்க எப்புலவராலும் இயலாதன்றோ? முந்தையோர்க்கு இது கனவு. கடந்த நூறாண்டிற்குள் இக்கனவு ஓரளவு கைகூடியுள்ளது. அதனாற் பயன்பெற்றது புள்ளலூர்ப் போரன்று, நம் கூத்தப்பெருமானது திருமேனி வரலாறே.

புள்ளலூரில் வென்றதாகச் சொல்லப்படும் மகேந்திரன் சைவர்க்கு நன்கு அறிமுகமானவன். சமணநெறியினின்று நாவுக்கரசர் பெருமானால் சிவநெறிக்குத் திரும்பியவன் அவனே என்பர் ஆராய்ச்சியாளர். அவன் மண்டகப்பட்டில் குடைவித்த கோயிலின் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி அக்கோயிலைப் பிரமன், ஈசன், திருமால் என்னும் மூவர்க்கும் அமைத்ததாகப் பெருமிதத்தொடு கூறும். அழியும் பொருள்களை ஒதுக்கிக் கல்லொன்றையே நம்பியவன் அவன். வந்தவாசிப் பக்கத்துச் சீயமங்கலத்தில் அவன் குடைவித்த அவனிபாஜன பல்லவேசுவரத்தின் தூணொன்றில், இறைவன் காலைக் குறுக்காகத் தூக்கி ஆடும் சிறிய உருவம் ஒன்று உளது. சிற்பநூலார் புஜங்கத்திராசிதம் எனக் கூறும் அந்நிலையே பிற்காலத்து நடராசத் திருமேனிகள் யாவற்றுக்கும் உரிய நிலை. ஆகவே 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தொண்டை நாட்டுத் தச்சன் ஆனந்தக்கூத்தைக் கல்லிற் கண்டான் என்பது ஐயமற விளங்கும். அப்பரும் சம்பந்தரும் தில்லைக்கூத்தனைப் பாடியதும் அந்நூற்றாண்டே. செம்பில் எப்போது கண்டான் என்பதே வினா.

காஞ்சிக்கு வடக்கே கூரம் என்னும் ஊர் உளது. முதலாம் பரமேசுவரவர்மனது செப்பேடு இவ்வூர்ப்பெயராலேயே வழங்கும். பல நூறாயிரம் படையுடைய விக்கிரமாதித்தன் கந்தை ஒன்றே போர்வையாக ஓடினான் என்று பாட்டன் பகைக்குப் பேரன் பகைமேற் பழிவாங்கிய செய்தியை அது கூறும். அதனினும் நமக்கு இனியது, வித்தியாவிநீத பல்லவ பரமேசுவரகிருகம் என்னும் சிவாலயத்துக்குப் பரமேசுவரமங்கலத்தை நிவந்தமாக விட்டு, அவ்வாலய மண்டபத்தில் பாரதம் வாசிப்பார்க்கும் நீரும் விளக்கும் இடுவார்க்கும் பங்கு வகுத்த பகுதி. தூங்கானை வடிவினதாகிய அக்கற்றளியின் பழம்பகுதி இன்றும் காணலாம். இக்கூரத்திலிருந்து கிடைத்த கூத்தப்பெருமான் திருமேனி ஒன்று சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலையில் வைக்கப்பெற்றுள்ளது. இதில் தூக்கிய திருவடி குறுக்கே வீசப்பெறாமல் முழந்தாள் மேலெழ நிற்கும்; ஊர்த்துவஜாநு என்பர். செப்புக் கூத்தர் திருமேனிகளுள் மிகப் பழமையானவற்றுள் இஃது ஒன்றென்றும், பல்லவர் காலத்ததென்றும் சிற்ப ஆராய்ச்சியாளர் பலர் கொண்டனர்.

ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர் கருத்து ஒரு வரம்பில் நின்றது. பல்லவர் காலத்துச் செம்பில் ஆடல் கூரத்தின் வகையே. தில்லையில் நாம் தரிசிக்கும் குஞ்சிதபாத நிலை உலோகத்தில் வடிக்கப்பெற்றது 10ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்தில், செம்பியன் மாதேவியார் போன்ற பேரன்பர் ஆதரவால், என்பதே நூல்களில் நிலைபெற்றது. அங்ஙனமாயின் அப்பர் காலத்துக்கும் அத்திருமேனிக்கும் இடையே ஏறக்குறைய முந்நூறாண்டு வெளியாய்க் கிடக்கும். அடியார் பாடினர், கல்லில் தச்சன் காட்டினான், வீதியில் எழுந்தருளுதற்குரிய செப்புத் திருமேனி மட்டும் முந்நூறாண்டு காத்திருந்ததா? இவ்வையம் எமக்கு நெடுங்காலமாக உண்டு. ஆனால் ஐயம் சான்றாகாது.

உருவமைதி கொண்டு காலம் கணிக்கும் முறையின் தளர்ச்சியையும் சொல்லல்வேண்டும். பூணூல் வலக்கைமேற் செல்கின்றதா, நேரே தொங்குகின்றதா, ஆடைமடிப்பு எவ்வாறு, முகம் வட்டமா, நீளமா என்பனவே அளவுகோல்கள். கிரேவ்லியும் டி. என். இராமச்சந்திரனும் 1932இல் வெளியிட்ட சென்னைத் திருமேனி அட்டவணையும், 1963இல் சி. சிவராமமூர்த்தியும் பி. ஆர். சீனிவாசனும் தனித்தனியே வெளியிட்ட நூல்களும் இத்துறையில் அரிய உழைப்பின் பயன். எனினும் ஆண்டு பொறித்த திருமேனிகள் மிகச் சிலவே. ஆகமவிதி வழுவாது தந்தைவழி மைந்தன் வார்க்கும் கலையில், நூறாண்டு முன்பின்னாகக் கூறுதல் எத்துணை எளிது!

இனி ஆய்வுக்கூடத்திற்கு வருவோம். சென்னைப் பொருட்காட்சிசாலையில் 1930ஆம் ஆண்டே இரசாயனக் கூடம் ஒன்று தொடங்கப்பெற்றது. அதனை நடத்தியவர் டாக்டர் எஸ். பரமசிவன். இந்தியாவில் இத்தகைய கூடங்களுள் இது மிகப் பழையவற்றுள் ஒன்று. காஞ்சிக் கைலாசநாதர் கோயிற் சுவரோவியத்தையும் தஞ்சைப் பெரிய கோயில் ஓவியத்தையும், சுண்ணச்சாந்தின் அடுக்கு எத்தனை, வண்ணம் எம்மண், பசை கலந்ததா என்று நுண்பெருக்கியும் இரசாயனமும் கொண்டு ஆராய்ந்தவர் அவரே. மண்ணிலிருந்து எடுத்த செப்புத் திருமேனிகளைப் பற்றிய களிம்பை மின்னோட்டத்தால் நீக்கும் முறையும் அக்கூடத்திற் கையாளப்பெற்றது. உப்பில் உள்ள குளோரின் செம்பைப் பற்றிக்கொண்டால், ஈரமும் காற்றும் துணையாக, உள்ளே அரித்துக்கொண்டே போகும். மேலே துடைத்தாற் போகாது. திருமேனியைக் காரநீரில் நிறுத்தி மின்சாரத்தைச் செலுத்தின், குளோரின் மெல்ல மெல்ல வெளிப்போந்து நீரிற் சேரும்.

செம்பிற் களிம்பு என்றவுடன் சித்தாந்த மாணவர் செவி சாய்ப்பர். ஆணவமலத்துக்கு நம் ஆசிரியர் கூறும் உவமை அது. களிம்பு செம்பொடு உடன்பிறந்தது என்பர் நம்மவர். புறத்திருந்து வந்து சேர்ந்தது என்பர் இரசாயனர். உவமை பொய்த்ததோ எனச் சிலர் எம்மைக் கேட்டதுண்டு. உவமை ஒருபுடை ஒப்புமையே. அன்றியும், காற்றும் ஈரமும் பட்டால் களிம்பேறும் இயல்பு பொன்னுக்கு இல்லை, செம்புக்கு உண்டு. அவ்வியல்பு செம்பிற்கு உடன்பிறந்ததே. இதற்குமேல் இங்கு விரியாது விடுகின்றோம்.

உலோகத்தின் கலப்பை அறிதற்கு இக்காலத்து வழிகள் பல. எக்ஸ் கதிரைத் திருமேனியின்மேற் செலுத்தினால், செம்பு, ஈயம், வெள்ளீயம் முதலிய ஒவ்வொன்றும் தனக்கே உரிய மறுகதிரை வெளியிடும். தொடாமலே கலப்பை அறியலாம். ஆனால் இக்கதிர் மேற்பரப்பையே காணும். களிம்பேறிய பரப்பில் உள்ள அளவு உள்ளிருக்கும் அளவன்று. சிவஞான சித்தியார் அளவை இயலிற் கூறும் திரிவுக்காட்சி இதுவே எனலாம். காமா கதிர் பருமனை ஊடுருவி, உள்ளே வெடிப்பும் குமிழும் உண்டா, கனமாக வார்த்ததா என்பதைப் படமாக்கித் தரும். தஞ்சைக் கல்வெட்டுக்கள் கனமாகச் செய்த திருமேனி என்று பிரித்துக் கூறுவதை ஈண்டு நினைக. மெழுகுருவின்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அவ்விடத்தில் உலோகம் ஊற்றும் இவ்வித்தை, மெழுகின் நிறைக்கு இத்தனை மடங்கு உலோகம் என்னும் கணக்கொடும், 12ஆம் நூற்றாண்டு மானசோல்லாசத்தில் விளக்கப்பெற்றுள்ளது. அதனை இயற்றுவித்த சோமேசுவரன் வாதாபிச் சாளுக்கியர் வழியினரென்று தம்மைச் சொல்லிக்கொண்ட குலத்தவன். புள்ளலூர்ப் பகையின் கொடிவழியிலிருந்து திருமேனி வார்க்கும் கணக்கைக் கற்கின்றோம், வேடிக்கையே.

கலப்பு ஆராய்ச்சியால் நம்மவர் நம்பிக்கை ஒன்று சற்றே தளர்கின்றது. மறைக்காது சொல்வதே முறை. பஞ்சலோகம் என்று பேர் பெற்ற பழந்திருமேனிகளில் உள்ளவை பெரும்பாலும் செம்பும் ஈயமும் வெள்ளீயமுமே. பொன்னும் வெள்ளியும் இருப்பின் அணுவளவே. வார்க்கும் நேரத்தில் அன்பர் இட்ட சிறுபொன் நெஞ்சிற்குப் பெரிது; தராசிற்குச் சிறிது. இராசராசன் கல்வெட்டும் செப்புத் திருமேனி என்றே பேசுகின்றது. இதனாற் குறைவொன்றுமில்லை.

இந்த ஈயமே நாம் தேடிய சாட்சி. ஈயத்துள் 204, 206, 207, 208 என நிறை வேறுபட்ட நான்கு வகை உண்டு. பின் மூன்றும், யுரேனியம் தோரியம் என்னும் பொருள்கள் யுகயுகமாகச் சிதைந்து ஈயமாக மாறுவதாற் பெருகுவன. எந்த மலையில், எக்காலத்துக் கனிமம் உறைந்ததோ அதற்கேற்ப இந்நான்கின் விகிதம் அமையும். அதன்பின் உருக்கினாலும் வார்த்தாலும் மண்ணிற் புதைந்தாலும் அவ்விகிதம் மாறாது. ஒரு சுரங்கத்து ஈயம் ஓர் ஊரார்க்குப் பிறவிக்குறி போன்றது. கடுகளவு தூளைக் கரைத்து நிறைமாலைக் கருவியில் விடுத்தால் விகிதம் தெரியும். அதே தூளை, பல்லாயிரம் பாகை வெம்மையுடைய மின்கனலில் ஊதினால், அதில் உள்ள நுண்பொருள்கள் தத்தமக்குரிய ஒளியால் தம்மைக் காட்டிக்கொள்ளும்.

இவ்விரு முறைகளையும் தென்னாட்டுத் திருமேனிகளில் முதன்முறையாக விரிவாகக் கையாண்டவர் டாக்டர் சாரதா சீனிவாசன். இலண்டன் பல்கலைக்கழகத்துத் தொல்பொருட் கழகத்தில் 1990க்குப் பின் தம் ஆராய்ச்சியை நிகழ்த்திப் பின்னர்ப் பெங்களூர் தேசிய உயராய்வு நிறுவனத்திற் பணியாற்றியவர். சென்னையிலும் இலண்டனிலும் உள்ள ஏறக்குறைய 130 திருமேனிகளிலிருந்து சிறுதூள் எடுத்து ஆராய்ந்தார். பல்லவர், முற்சோழர், பிற்சோழர், பாண்டியர், விசயநகரத்தார் எனக் காலந்தோறும் ஈயத்தின் விகிதமும் நுண்பொருள்களும் தனித்தனிக் குழுவாகத் திரண்டு நின்றன. அரசு மாறச் சுரங்கமும் வாணிகவழியும் மாறின போலும். அவ்வாறு நிற்கையில், சோழர் காலத்தன என்று எண்ணப்பெற்ற குஞ்சிதபாத நடராசருள் சிலர், இலண்டன் பிரிட்டிஷ் காட்சிசாலையிலுள்ள ஒருவர் உட்பட, பல்லவர் குழுவிற் போய் அமர்ந்தனர். 2004ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையின் முடிபு, ஆனந்தக்கூத்தின் செப்புவடிவம் சோழர் படைப்பன்று. 8, 9ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்தே தோன்றியது என்பதாம்.

முந்நூறாண்டு வெளியிற் பெரும்பகுதி இதனால் நிரம்புகின்றது. எமக்கு மகிழ்ச்சியே. ஆனால் மகிழ்ச்சி அளவையாகாது. காண்டல், கருதல், உரை என நம் நூல் வகுத்த மூன்றில் இம்முடிபு எதில் அடங்கும்? கருவி காட்டிய எண் காண்டல். எண்ணிலிருந்து காலத்துக்குச் செல்வது கருதல். புகைகண்டு தீ உண்டு என்பதுபோலக் காரியத்தால் காரணம் கொள்வது. அங்கே புகை ஆவியன்று என்று தெளிதல் வேண்டும். இங்கும் வினவத்தக்கன இரண்டு. பழந்திருமேனியோ பாத்திரமோ உருக்கிப் புதுத்திருமேனி வார்த்தால், புதியது பழைய ஈயத்தின் குறியைத் தாங்கும். சோழத்தச்சன் பல்லவ ஈயத்தைக் கையாண்டிருத்தல் கூடாதா? கூடும், எனினும் ஈயத்தோடு பிற நுண்பொருளும் ஒத்து, பல திருமேனிகள் ஒரு குழுவில் நிற்குமாயின், இவ்வையம் வலி குன்றும். இரண்டாவது வலியது. பல்லவக் குழு என்று ஒன்றை முதலில் வகுத்தது எதனால்? பெரும்பாலும் உருவமைதியால். அப்படியாயின் உருவமைதியைத் திருத்த வந்த கருவி, உருவமைதியின் தோளிலேயே நிற்கின்றது. இதனால் அம்முடிபு பொய் என்பது எம் கருத்தன்று. இன்னும் ஒரு தூண் வேண்டும் என்பதே.

இத்தகைய ஆராய்ச்சி காலக்கணக்குக்கு மட்டும் பயன்படுவதன்று. திருவாரூர்ப் பக்கத்துப் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராசர் கள்வர் கைப்பட்டு இலண்டன் சென்றார். அங்கு விலைக்கு வாங்கியவர் உரிமை கூறினார். இலண்டன் உயர்நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், பாழடைந்த பத்தூர்க் கோயிலின் சிவலிங்கப்பெருமானும் வழக்காளியாக நின்றார் என்பதைச் சைவர் மறவார். அத்திருமேனி அக்கோயிற் புதையலுக்கே உரியது என்று நிலைநாட்ட உருவமைதியோடு, ஒட்டியிருந்த மண்ணும் கறையும் உலோகமும் ஆராயப்பெற்றன. 1988இல் கோயிலுக்கு வெற்றி. 1991இல் மேல்முறையீட்டிலும் வெற்றி. அவ்வாண்டே பெருமான் தாய்நாடு திரும்பினார். திருவெண்ணெய்நல்லூரில் ஓலை காட்டி வழக்கு வென்றவர்க்கு இலண்டனில் ஒட்டிய மண்ணே ஓலையாயிற்று. கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி நிலையத்தார் காமா கதிர்ப்படமும் எக்ஸ் கதிரும் கொண்டு திருமேனிகட்கு அடையாளக் குறிப்பு வகுக்க முற்பட்டதும், பல்தேவ் ராஜ், இராசகோபாலன், சுந்தரம் என்னும் மூவர் 2000ஆம் ஆண்டில் அதுபற்றி நூலொன்று வெளியிட்டதும் நன்முயற்சிகள்.

இனி அன்பர் ஒருவர் எழுப்பும் தடை. ஆலயத்தையும் திருமேனியையும் அரனெனவே தொழுக என்று சிவஞானபோதம் 12ஆம் சூத்திரம் விதித்திருக்க, அத்திருமேனியிற் கடுகளவேனும் துளையிடல் தகுமோ? காட்சிசாலையில் இருப்பவற்றுக்கே இது செய்யப்பெற்றது எனினும், அவையும் ஒருகால் பூசை கொண்டவையே. பூசையில் உள்ள திருமேனிகளில் துளையிடுதலை யாம் எவ்வாற்றானும் உடன்படோம். அங்குத் தொடாது காணும் கதிர்கள் போதும். அதுவும் அருச்சகரும் ஊராரும் இசைந்து, பூசைக்கு இடையூறின்றி.

மேலே வேண்டுமென்ற தூணுக்குத் திருமேனியைத் தொட வேண்டுவதேயில்லை. பல்லவர் செப்பேடுகள் பலவற்றில் ஆட்சியாண்டு எழுத்திலேயே உளது; உருவமைதியை நம்பவேண்டா. ஏட்டுத்தகடு ஈயம் குறைந்த செம்பாதலின் அது திருமேனி உலோகத்தோடு நேரே ஒவ்வாமல் இருத்தல் கூடும். ஆனால் ஏடுகளைக் கோத்த வளையத்தின் முத்திரை வார்ப்புவேலை. விடைக்கொடியுடைய பல்லவர் அதிற் பொறித்ததும் விடையே. கூரத்து ஏட்டின் முத்திரை இன்ன மன்னனுக்குரியதென்றும், காசாக்குடி ஏட்டின் முத்திரை இன்ன ஆட்சியாண்டுக்குரியதென்றும் அவ்வேடுகள் தாமே கூறிக்கொண்டு நிற்பன. அவற்றின் உலோகத்தை முதலில் அளந்து, அதனோடு கூரத்துக் கூத்தப்பெருமானையும் ஏனைய நடராசரையும் ஒப்புநோக்குவாராயின், புள்ளலூரிற் பகைவர் யாரென்று சொல்லாது விட்ட அச்செம்பு, இதனையாவது சொல்லக்கூடும்.